'பார்ட் 2 வேணும்', 'வேணாம், விட்டுடுங்க': கே கௌபாய் காதல் கதைகளில் வாசகர்கள் ஏன் பிரிகிறார்கள்?

அமெரிக்க எழுத்தாளர் ஆனி ப்ரூ, புலிட்சர் பரிசு வாங்கிய நாவலாசிரியர். ஆனால் உலகம் முழுக்க அவர் பெயரைக் கொண்டுபோனது ஒரு சிறுகதை: 'ப்ரோக்பேக் மவுன்டன்'. 2009-ல் 'பாரிஸ் ரிவ்யூ' இதழுக்குக் கொடுத்த பேட்டியில், அந்தக் கதையை எழுதாமலே இருந்திருக்கலாம் என்று அவர் அலுத்துக்கொண்டார். அலுப்புக்குக் காரணம் விமர்சகர்கள் இல்லை, வாசகர்கள். படம் வெளியான பிறகு பலர் அந்தக் கதைக்கு அவர்களே இரண்டாம் பாகம் எழுதி அவருக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். சிலர் செத்தவனை உயிரோடு கொண்டுவந்தார்கள். சிலர் மிச்சமிருந்தவனுக்குப் புதுக் காதலனைத் தேடிக் கொடுத்தார்கள்.

கே கௌபாய் காதல் கதை என்ற வகை இன்று ஆங்கில மின்நூல் சந்தையில் தனி அலமாரியாகவே வளர்ந்துவிட்டது. அதில் ஒவ்வொரு முறை ஒரு சீக்வல் வரும்போதும் இதே சண்டை வேறு வடிவத்தில் திரும்புகிறது. ஒரு பக்கம் 'இன்னும் வேணும்', மறுபக்கம் 'இருந்ததையும் கெடுத்துட்டாங்க'. ரிச்சர்ட்ஸ் டவுன், காக்ஸ் டவுன் பக்கம் பி.ஜி.யில் தங்கி வேலைக்குப் போகிற நம்ம ஆட்களும் படிக்கிற வகைதான் இது. கிண்டிலில் அட்டை தெரியாது; பூங்கா பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அங்கிளுக்கு நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்று தெரியப்போவதில்லை. இந்த வகை வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

(கீழே கதைகளின் முடிவுகளைச் சொல்லியிருக்கிறோம். படிக்காதவர்கள் உஷார்.)

அந்தக் கதையில் என்னதான் இருக்கு?

'ப்ரோக்பேக் மவுன்டன்' 1997 அக்டோபரில் 'நியூயார்க்கர்' இதழில் வந்தது. 1963 கோடையில் வயோமிங் மலையில் எனிஸ், ஜாக் என்ற இரண்டு இளைஞர்கள் வேலைக்குச் சேர்கிறார்கள். உண்மையில் அவர்கள் மேய்ப்பது மாடு இல்லை, ஆடு. நம்ம ஊர் வழக்கில் சொன்னால் கிடை காவல். 'கௌபாய் கதை' என்ற பெயர் ஊர் கொடுத்தது.

அங்கே தொடங்கும் உறவு சுமார் 20 வருடம், இருவருக்கும் கல்யாணமாகி குழந்தைகள் பிறந்த பிறகும், மீன்பிடிக்கப் போகிறோம் என்ற சாக்கில் தொடர்கிறது. சேர்ந்து ஒரு பண்ணை வைத்து வாழலாம் என்று ஜாக் கேட்கிறான். எனிஸ் மறுக்கிறான். சின்ன வயதில், இன்னொரு ஆணோடு வாழ்ந்ததற்காக அடித்துக் கொல்லப்பட்ட ஒருவரின் உடலை அவன் அப்பாவே கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். அந்தப் பயம் அவனுக்குள் கடைசிவரை இருக்கிறது. பிறகு ஜாக் சாகிறான். டயர் வெடித்த விபத்து என்று அவன் மனைவி போனில் சொல்கிறாள். அடித்துத்தான் கொன்றிருப்பார்கள் என்று எனிஸ் நினைக்கிறான். எது உண்மை என்று கதை சொல்வதில்லை.

ஆங் லீ இயக்கிய படம் 2005-ல் வந்து, சிறந்த இயக்கம் உட்பட மூன்று ஆஸ்கர் வாங்கியது. அதற்கும் முன்பே, கதை அச்சாகி ஒரு வருடத்தில், 1998 அக்டோபரில், அதே வயோமிங்கில் மேத்யூ ஷெப்பர்ட் என்ற 21 வயது கே மாணவர் அடித்து வேலியில் கட்டிப்போடப்பட்டு, சில நாளில் இறந்தார். ப்ரூவின் கோபம் இதோடு சேர்த்துப் பார்த்தால் புரியும். அவர் கணக்கில் அந்தக் கதை இரண்டு பேரின் காதலைப் பற்றியது மட்டுமில்லை. அந்த ஊரின் வெறுப்பைப் பற்றியது. சுபமான இரண்டாம் பாகம் எழுதினால் அந்த ஊர் குற்றத்திலிருந்து தப்பித்துவிடும்.

கௌபாய் நமக்குப் புதுசா?

இல்லவே இல்லை. சிவகாசியிலிருந்து வந்த லயன், முத்து காமிக்ஸில் டெக்ஸ் வில்லரும் கேப்டன் டைகரும் லக்கி லூக்கும் தமிழ் பேசிக்கொண்டேதான் பாலைவனத்தைக் கடந்தார்கள். 'கங்கா', 'ஜக்கம்மா' என்று ஜெய்சங்கர் குதிரை ஏறியது 1972-ல். 'ஷோலே' எடுத்த ராமநகரம், ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து 50 கிலோமீட்டர் சொச்சம்தான்.

இந்தக் கதைகளை இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள். இரண்டு ஆண்கள், ஒரு நெருப்பு, நட்சத்திரம், கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆள் இல்லை. ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுப்பார்கள். பெண் பாத்திரம் பேருக்குத்தான். ஜெய்-வீரு நட்பை வேறு கண்ணோடு படித்தவர்கள் எத்தனையோ பேர். கே கௌபாய் ரொமான்ஸ் எழுதுகிறவர்கள் புதிதாக எதையும் கொண்டுவந்து சேர்க்கவில்லை. ஏற்கனவே இருந்ததைச் சத்தமாகச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

சரி, சீக்வல் வந்தா என்ன பிரச்னை?

ரொமான்ஸ் என்ற வகைக்கு ஒரு எழுதாத ஒப்பந்தம் இருக்கிறது. நடுவில் என்ன அழுகை வந்தாலும் முடிவில் ஜோடி சேர்ந்திருக்க வேண்டும். அந்த நம்பிக்கையில்தான் வாசகர் காசு கொடுக்கிறார். 'ப்ரோக்பேக்' அந்த ஒப்பந்தத்துக்கு உட்பட்ட கதையே இல்லை. ஆனால் பின்னால் வந்த நூற்றுக்கணக்கான கௌபாய் காதல் நாவல்கள் அதற்குப் பதில் சொல்வதுபோல எழுதப்பட்டவை. இங்கே ஜாக் சாகமாட்டான். பண்ணை கிடைக்கும்.

அப்படி முடிந்த கதைக்கு இரண்டாம் பாகம் எழுத வேண்டுமென்றால் எழுத்தாளருக்கு வழி குறைவு. சந்தோஷமாக இருக்கிற ஜோடியை வைத்து 300 பக்கம் ஓட்ட முடியாது. பிரித்துச் சேர்க்கலாம். 'அப்போ முதல் பாகத்துல சேர்ந்ததுக்கு என்ன அர்த்தம்?' என்று ஒரு கூட்டம் கேட்கும். பக்கத்துப் பண்ணைக்காரனையோ தம்பியையோ நாயகனாக்கலாம். தொடர்களில் அதிகம் நடப்பது இதுதான். பழைய ஜோடி விருந்துச் சாப்பாட்டுக் காட்சியில் வந்து சிரித்துவிட்டுப் போகும். அவர்களுக்காகவே வாங்கியவர்களுக்கு ஏமாற்றம்.

மூன்றாவது வழி கொஞ்சம் கஷ்டம்: சேர்ந்த பிறகு வாழ்வது எப்படி என்று எழுதுவது. ஆஸ்திரேலிய எழுத்தாளர் என்.ஆர். வாக்கரின் 'ரெட் டர்ட் ஹார்ட்' தொடர் (2014 முதல்) இந்த வழியில் போகிறது. ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் ஒரு பெரிய மாட்டுப் பண்ணை. அதை நடத்துகிற சார்லி. டெக்சாஸிலிருந்து வரும் டிராவிஸ். அடுத்தடுத்த பாகங்களிலும் அதே ஜோடிதான். வேலையாட்களுக்கு எப்படிச் சொல்வது, செத்துப்போன அப்பாவின் வார்த்தைகளை மண்டையிலிருந்து எப்படி இறக்குவது என்று போகும். இந்த மாதிரிக் கதையில் 'ஒண்ணுமே நடக்கல' என்கிறவரும் உண்டு, 'இதுக்குத்தான் காத்திருந்தேன்' என்கிறவரும் உண்டு. என் ஓட்டு இரண்டாமவருக்கு. கல்யாணத்தோடு முடியும் கதைகள் நம்மிடம் போதுமான அளவு இருக்கின்றன. மளிகைச் சாமான் லிஸ்ட் போடும் இரண்டு ஆண்கள்தான் குறைவு.

இன்னொரு சண்டையும் உள்ளே ஓடுகிறது. இந்த வகையை எழுதுகிறவர்களிலும் படிக்கிறவர்களிலும் பெண்கள் நிறைய. 'எங்க வாழ்க்கையை நீங்க ஏன் இனிப்பாக்குறீங்க' என்று கேட்கும் கே வாசகர்கள் இருக்கிறார்கள். 'இனிப்பு எங்களுக்கு மட்டும் கூடாதா' என்று திருப்பிக் கேட்கும் கே வாசகர்களும் இருக்கிறார்கள்.

ரொம்பப் பெரிய அடி எங்கே விழுந்தது?

கௌபாய் எல்லையைத் தாண்டி ஒரு உதாரணம் சொன்னால் பலருக்குச் சட்டென்று புரியும். ஆந்த்ரே அசிமன் எழுதிய 'கால் மீ பை யுவர் நேம்' (2007) நாவலும் 2017-ல் வந்த படமும் எலியோ, ஆலிவர் என்ற இருவரை உலகத்துக்கே பிரியமானவர்களாக்கின. 2019-ல் சீக்வல் 'ஃபைண்ட் மீ' வந்தது. திறந்தால், முதல் பகுதி முழுக்க எலியோவின் அப்பா. ரயிலில் சந்தித்த, வயதில் மிகச் சிறிய ஒரு பெண்ணோடு அவருக்கு வரும் காதல்தான் அந்தப் பகுதி. அடுத்து எலியோ பாரிஸில் வேறொருவரோடு. அப்புறம் ஆலிவர் நியூயார்க்கில். இருவரும் சேர்வது கடைசியில், சில பக்கங்கள்.

வாங்கியவர்களில் பலர் கொதித்துப்போனார்கள். காலம் போனதைப் பற்றிய நாவலாக அதை ரசித்தவர்களும் உண்டு. முதல் நாவல் முடிவைத் திறந்து வைத்திருந்தது. அந்த இடத்தை 12 வருடமாக ஒவ்வொரு வாசகரும் அவரவர் விருப்பப்படி நிரப்பி வைத்திருந்தார்கள். ஆசிரியர் வந்து வேறு நாற்காலியைப் போட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்?

நூறு வருடம் முன்பே இதைச் சந்தித்தவர் இ.எம். ஃபார்ஸ்டர். 'மாரிஸ்' என்ற கே காதல் நாவலை 1913-14-ல் எழுதினார். இரண்டு ஆண்களும் சேர்ந்து வாழப் போவதாக முடித்தார். அந்த முடிவில் அவர் பிடிவாதமாக இருந்தார். சோகமாக முடித்திருந்தால் வெளியிடுவது சுலபமாக இருந்திருக்கும் என்று பின்குறிப்பில் எழுதியும் வைத்தார். இங்கிலாந்தில் சட்டம் மாறியது 1967-ல். நாவல் வந்தது 1971-ல், அவர் இறந்த பிறகு. இதில் சுவாரஸ்யம், சில வருடம் கழித்து அந்த ஜோடி விறகு வெட்டிகளாகக் காட்டில் வாழ்வதை மாரிஸின் தங்கை பார்ப்பதுபோல ஒரு பின்கதையும் எழுதியிருந்தார். கையெழுத்துப் பிரதியைப் படித்த யாருக்கும் அது பிடிக்கவில்லை. தூக்கிப் போட்டுவிட்டார்.

தமிழில் இப்படி நடந்திருக்கா?

கே காதலில் இல்லை. சீக்வல் விஷயத்தில் நாம் சளைத்தவர்கள் இல்லை. வந்தியத்தேவனை விட மனசில்லாமல் 'பொன்னியின் செல்வ'னுக்குத் தொடர்ச்சியாக விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். அனுஷா வெங்கடேஷ் 'காவிரி மைந்தன்' எழுதினார். கல்கி 1954-லேயே போய்விட்டார், ப்ரூ மாதிரி அலுத்துக்கொள்ள வாய்ப்பில்லை.

பெருமாள்முருகன் செய்தது இன்னும் துணிச்சல். 'மாதொருபாகன்' (2010) முடிவில் காளி என்ன ஆனான் என்பது தொங்கலில் நிற்கும். 2014-ல் அதற்கு ஒன்றல்ல, இரண்டு தொடர்ச்சிகள் வெளியிட்டார். 'ஆலவாய'னில் காளி இறந்துவிட்டான், பொன்னா தனியே வாழ்கிறாள். 'அர்த்தநாரி'யில் அவன் பிழைத்துக்கொள்கிறான். எது சரியான முடிவு என்று ஆசிரியரே சொல்ல மறுத்தால் எந்தக் கூட்டம் யாரோடு சண்டை போடும்? ஜாக்குக்கும் யாராவது இப்படி இரண்டு புத்தகம் எழுதியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

இந்திய வாசகருக்கு இதுல என்ன?

இங்கே 'சுபம்' என்ற வார்த்தையின் அர்த்தமே நீதிமன்றத் தேதிகளோடு மாறிக்கொண்டிருந்தது. 2009 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் 377-வது பிரிவைத் தளர்த்தியது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 2018 செப்டம்பர் 6-ல் வயது வந்தவர்களின் சம்மத உறவு குற்றம் இல்லை என்றானது. 2023 அக்டோபர் 17-ல் தன்பாலினத் திருமணத்துக்கு உச்ச நீதிமன்றம் அங்கீகாரம் தரவில்லை. 2025 மே மாதம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

இதற்கு நடுவில், 2013-ல், பெங்களூரில் வாழும் கன்னட எழுத்தாளர் வசுதேந்திராவின் 'மோகனசாமி' வந்தது. சாஃப்ட்வேர் வேலை பார்த்தவர். இந்தப் புத்தகத்தோடு அவர் கே என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார். ஒரே நாயகன் பல கதைகளில் திரும்பத் திரும்ப வருகிறான். கூட வாழ்ந்தவன் ஒரு பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். வயோமிங் வேண்டாம், குதிரை வேண்டாம்; எனிஸின் பயம் இந்த ஊர் அபார்ட்மென்ட் லிஃப்டிலும் ஏறி இறங்குகிறது.

அதனால்தான் சுபமான சீக்வல் கேட்கிறவரை 'இலக்கியம் தெரியாதவர்' என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்துவிட்ட ஒரு 27 வயதுப் பையனுக்கு, 'ப்ரோக்பேக்' முடிவு ஏற்கனவே தெரிந்த செய்தி. அவன் தேடுவது தெரியாத பக்கத்தை. அதே சமயம், ப்ரூ சொல்வதையும் தள்ள முடியாது. 2014-ல் மாட்ரிட்டில் அரங்கேறிய ஓபெராவுக்கு அதே கதையை அவரே பாடல் நாடகமாக எழுதிக் கொடுத்தார். மாற்ற நினைத்திருந்தால் மாற்றியிருக்கலாம். ஜாக் அதிலும் சாகிறான்.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

'ப்ரோக்பேக்' சிறுகதைதான், ஒரு மாலையில் முடித்துவிடலாம். படம் பார்த்திருந்தாலும் படியுங்கள். 'மோகனசாமி'க்கு ஆங்கில மொழிபெயர்ப்பு (2016) இருக்கிறது. கன்னடம் வாசிக்க வருபவர்கள் மூலத்துக்கே போகலாம். மனசுக்கு இதமாக ஏதாவது வேண்டுமென்றால் வாக்கர். 'ஃபைண்ட் மீ'யை எலியோ-ஆலிவருக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால், அவர்கள் சேர்ந்து வரும் பகுதி எத்தனை பக்கம் என்று கடையிலேயே புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.