ஏட்டின் அடியும் கணிப்பொறியின் வரியும்

பொருநைக் கரை ஏடுகளை நாடி உ. வே. சாமிநாதையர் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் சென்றதும், ஆண்டுக் கவிராயர் இல்லங்களின் சுவடிகள் 1889-ஆம் ஆண்டுப் பத்துப்பாட்டுப் பதிப்பிற்குத் துணைநின்றதும் தமிழுலகம் அறிந்த செய்திகள். ஏட்டில் பாட்டு அடியடியாக எழுதப்பெறுவதில்லை என்பதை நாம் அத்துணைக் கருதுவதில்லை. சொல் நடுவே முறியினும் ஓலையின் விளிம்பு வரை எழுதிச் செல்வதே வழக்கம். அடி முடிவைச் சீரும் தளையும் தொடையும் நோக்கிப் பதிப்பாசிரியரே வரையறுத்தல் வேண்டும். வஞ்சியடி விரவிய பட்டினப்பாலை, மதுரைக்காஞ்சி போன்ற பாட்டுகளில் இருசீரடி இரண்டினை நாற்சீரடி ஒன்றாக அச்சிடின் அடித்தொகை குறையும். மேற்கோளின் அடியெண்களும் பிறழும். சுவடி தந்தாரையெல்லாம் முன்னுரையில் நன்றியுடன் குறித்த பதிப்பாளர்கள், அடி பிரித்த நெறியையும் உடன் எழுதும் வழக்கம் கொண்டிருப்பின் நம் உழைப்புப் பாதியாயிருக்கும்.

இவ்விடர் இன்று வேறு உருவில் நிற்கின்றது. பழைய தொலையச்சுப் பொறியில், எழுதுமுனையை இடப்புறம் மீட்க ஒரு குறியும் தாளை ஒரு வரி நகர்த்த மற்றொரு குறியும் இருந்தன. விண்டோஸ் இரண்டையும் வரிமுடிவாகக் கொண்டது; யூனிக்ஸ் வழியின பின்னதை மட்டுமே கொண்டன. இவை கண்ணுக்குப் புலப்படா. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட் என்னும் மென்பொருளோ, கோப்பின் மாற்றங்களை வரி வரியாக ஒப்பிட்டுக் காட்டுவது. நெல்லையில் ஒருவர் மதுரைக்காஞ்சியில் ஒரு பாடத்தை மட்டும் திருத்த, அவருடைய கருவி வரிமுடிவுகளையும் மாற்றிவிடின், சென்னையில் உள்ளவர்க்கு 782 அடியும் மாறியனவாகத் தோன்றும். உண்மைத் திருத்தம் அதனுள் மறையும். எவ்வடியை யார் திருத்தினார் என வினவின், அனைத்திற்கும் அவர் பெயரே விடையாக வரும். பாடவேறுபாட்டு ஆய்விற்கு இதனினும் கேடு வேறில்லை.

இதனைத் தடுக்கும் அமைப்பு இருவகைத்து. ஒன்று, சேர்க்குங்கால் ஒரு குறியாகவும் எடுக்குங்கால் இரு குறியாகவும் மாற்றுமாறு அவரவர் கணிப்பொறியில் அமைப்பது. இது நூலுடன் செல்லாது. மற்றொன்று, கிட்அட்ரிபியூட்ஸ் என்னும் கோப்பில் நெறியை எழுதி நூலுடனேயே வைப்பது. பின்னதே பதிப்பு நெறிக்கு உகந்தது என்பது நம் கருத்து. முன்னரே கலந்துபோன கோப்புகளை ஒருசேர ஒருமைப்படுத்துங்கால், பாடத்திருத்தம் எதனையும் உடன் சேர்க்காது தனிப்பதிவாகச் செய்து, அதன் காரணத்தையும் பதிவுக் குறிப்பில் எழுதுதல் வேண்டும். சுவடிகளின் நிழற்படக் கோப்புகளை எழுத்துக்கோப்பு அல்லவென்று அந்நெறிக்கோப்பிலேயே குறித்துவிடுக. அவற்றில் இம்மாற்றம் புகின் படமே சிதையும்.