பழைய புயல்களின் சராசரி

1992 ஆகஸ்ட் 24 அதிகாலை. ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு ஃப்ளோரிடாவில், ஹோம்ஸ்டெட் பக்கம் கரையேறியது. சில மணி நேரத்தில் பாஸ்டனிலிருந்து கேரன் கிளார்க் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பினார்: இழப்பு 1,300 கோடி டாலரைத் தாண்டலாம். பலரும் நம்பவில்லை. கடைசியில் கணக்கு 1,500 கோடியைத் தாண்டியது. ஏறத்தாழ பத்து நிறுவனங்கள் திவாலாயின.

அதுவரை ஆக்சுவரிகள் செய்துவந்தது எளிமையானது. பழைய க்ளெய்ம்களைக் கூட்டு, சராசரி எடு, பிரீமியம் போடு. கார் விபத்துக்கு இது போதும். ஒருத்தர் மோதினால் ஊரே மோதுவதில்லை. புயல் அப்படியா? 1965இல் வந்த பெட்சிக்குப் பிறகு அந்தப் பகுதியைப் பெரும்புயல் எதுவும் தாக்கவில்லை. அந்தச் சும்மா இருந்த வருஷங்களில் கரையோரம் வீடுகள் பெருகின. சராசரிக்கு அமைதி மட்டும்தான் தெரிந்திருந்தது.

கிளார்க் 1986இல் எழுதிய கட்டுரையிலேயே வேறு வழி சொல்லியிருந்தார். க்ளெய்ம்களை விட்டுவிடு. கணினியில் ஆயிரக்கணக்கான கற்பனைப் புயல்களை உருவாக்கி, இன்றைக்கு நிற்கும் வீடுகள்மேல் ஓடவிடு. எந்தக் கூரை எத்தனை வேகத்துக்குப் பிய்யும் என்று பார். மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்த யோசனையின் அழகு உடனே பிடிபடுகிறது. ஆண்ட்ரூவுக்குப் பிறகு காப்பீட்டுத் துறைக்கும் பிடிபட்டது.

ஆனால் அந்தக் கற்பனைப் புயல்களும் பழைய பதிவுகளிலிருந்தே பிறக்கின்றன. கடல் சூடேறினால் அந்தப் பதிவுகளே காலாவதியாகலாம். அமெரிக்க, கனடிய ஆக்சுவரி அமைப்புகள் 2016இல் தொடங்கிய காலநிலைக் குறியீடு, 1961–1990 காலத்தை அளவுகோலாக வைத்து இன்றைய வானிலை அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அளக்கிறது. கடந்தகாலம் இப்போது கணிப்பு இல்லை, ஒப்பிடும் கோடு மட்டுமே.

நிறுவனங்களுக்கு ஒரு வசதி உண்டு: பாலிசி பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான். ஆபத்து கூடினால் விலையை ஏற்றலாம், முடியாவிட்டால் கிளம்பலாம். 2023இல் ஸ்டேட் ஃபார்ம், கலிஃபோர்னியாவில் புது வீட்டுப் பாலிசிகளை நிறுத்தியது. காட்டுத்தீ போன்ற பேரிடர் ஆபத்து கூடுவதையும் காரணமாகச் சொன்னது. வீட்டுக் கடனோ முப்பது வருஷம்.

அதனால்தான் எனக்கு மாடலைவிடக் கட்டட விதி முக்கியமாகப் படுகிறது. ஆண்ட்ரூவுக்குப் பிறகு ஃப்ளோரிடா விதிகளை இறுக்கியது. 2002இல் மாநிலம் முழுக்க ஒரே விதித்தொகுப்பு வந்தது. காப்பீடு இழப்பைப் பங்குபோடும். கூரையைப் பிடித்துவைப்பது ஆணிதான். அந்த ஆணிக்கு யார் பிரீமியத்தில் தள்ளுபடி தருகிறார்களோ, அவர்கள்தான் ஆபத்தை நிஜமாகவே நிர்வகிக்கிறார்கள். மற்றவர்கள் அதற்கு விலை மட்டும் சொல்கிறார்கள்.