நல்லெண்ணெயில் வந்த முடக்கம்

உடப்பு முதல் கற்பிட்டி வரையான எங்கள் கரையோரத் தமிழ் வீடுகளில் ஒரு பெண்பிள்ளை சாமத்தியப்பட்டால், முதலில் தேடப்படுபவை நாட்டுக்கோழி முட்டையும் நல்லெண்ணெயும்தான். பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, அதன்மேல் எண்ணெயையும் குடிக்கச் செய்வார்கள். இடுப்பு பலப்படும் என்பது பாட்டிமார் கூறும் காரணம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் இவ்வழக்கம் உண்டு. இந்த வழக்கத்தின் வழியாகவே 1977இலும் 1978இலும் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு முடக்கம் பரவியது. மருத்துவ உலகம் இன்றுவரை மேற்கோள் காட்டும் அந்நிகழ்வைத் தமிழ்ப் பத்திரிகைகள் உரிய அளவில் பேசவில்லை என்பது என் அபிப்பிராயம்.

பாதிக்கப்பட்டோர் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சிறுமியர். இந்நோய் வரும் விதம் விசித்திரமானது. முதலில் கெண்டைக்காலில் நோ. பின்னர் பாதம் நிமிர மறுத்துத் தொங்கத் தொடங்கும். முழங்காலை உயர்த்தி உயர்த்தி நடக்க வேண்டிவரும். அதன்பின் கைவிரல்களும் வலுவிழக்கும். காய்ச்சல் கிடையாது, காயம் கிடையாது. நேற்றுவரை ஓடித்திரிந்த பிள்ளைக்கு ஏன் இப்படி என்று கேட்டால், லயத்தில் யாரால் பதில் சொல்ல முடியும்? 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களும், 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கிடப்பட்டவர்களும் வாழ்ந்த லயங்கள் அவை. தோட்ட மருந்தகத்துக்கும் நரம்பியல் வைத்திய நிபுணருக்கும் இடையிலிருந்த தூரத்தை மைல்களால் மட்டும் அளந்துவிட முடியாது.

மர்மத்தை அவிழ்த்தது ஒரு எளிய கேள்வி. ஏன் சிறுமியர் மட்டும்? அதுவும் ஏன் பருவமடையும் வயதினர் மட்டும்? தொற்றுநோயாயின் தம்பியையும் தகப்பனையும் விட்டுவைத்திருக்காது. தண்ணீரில் குற்றமென்றால் லயம் முழுவதும் படுத்திருக்கும். அந்தச் சில நாட்களில் அப்பிள்ளைகள் மட்டும் உட்கொண்டது எது என்று தேடியபோது நல்லெண்ணெயில் வந்து நின்றது விசாரணை. எண்ணெயில் இருந்தது ட்ரைகிரெசில் பொஸ்பேற் என்னும் இரசாயனம். இயந்திர எண்ணெய்களிலும் பிளாஸ்ரிக் தயாரிப்பிலும் பயன்படுவது. கனிம எண்ணெய் கொண்டுவந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றியதே காரணமாக இருக்கவேண்டும் எனக் கருதப்பட்டது. நரம்பியல் நிபுணர் நிமல் சேனாநாயக்கவும் தொழில்சார் மருத்துவ அறிஞர் ஜெயரட்ணமும் இதனை 1981இல் 'லான்செற்' சஞ்சிகையில் எழுதினார்கள்.

இந்நஞ்சின் கொடுமை அதன் தாமதம். உட்கொண்டு பத்து நாட்களோ அதற்கு மேலோ சென்றபின்பே கால்கள் சோரும். அதற்குள் எண்ணெய்ப் போத்தலை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? பிள்ளைக்குப் பலம் தரும் என்று தாய் ஊட்டிய பொருளே பிள்ளையை முடக்கியது என்பதை எந்தத் தாயின் மனம் முதலில் சந்தேகிக்கும்?

இவற்றையெல்லாம் நான் தேடி வாசிப்பதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. ஐந்து மாதங்களாக என் இரு பாதங்களிலும் விறைப்பு. இரவில் எறும்பு ஊர்வதுபோன்ற உணர்வு. இரத்தத்தில் சீனி இல்லை. நிபுணரைக் காணக் கொழும்புக்குச் செல்லவேண்டும். கிடைத்திருக்கும் நாளுக்கு இன்னும் ஏழு வாரங்கள் இருக்கின்றன. ஆடி மாதம் உடப்புத் திரௌபதை அம்மனுக்குத் தீமிதித்தால் உணர்வு திரும்பிவிடும் என்கிறார் மச்சாள். இப்போதுள்ள நிலையில் தீமிதிப்பது எனக்குச் சுலபந்தான் என்றேன், அவர் சிரிக்கவில்லை. உண்மையில் சிரிப்பதற்குமில்லை. உணர்வற்ற பாதம் சுடுமணலில் வெந்தாலும் தெரியாது. ஆகவே செருப்பின்றி வாசலுக்கும் இறங்குவதில்லை. இரவில் பாதங்களை விளக்கொளியில் பார்த்துவிட்டே படுக்கிறேன். பலவீனம் விரைந்து மேலேறினாலோ, மூச்சு முட்டினாலோ, சிறுநீர் தடைப்பட்டாலோ நாளுக்காகக் காத்திராமல் உடனே பெரியாஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்பது ஊர் வைத்தியரின் கட்டளை.

மற்றபடி, முப்பது வருட நிருபர் பழக்கம் கைகொடுக்கிறது. ஒரு கொப்பியில் எழுதிவருகிறேன். எந்தக் கால், எந்த நேரம், எதுவரை ஏறியது, அன்று என்ன உண்டேன், என்ன மருந்து குடித்தேன், எந்தக் கடையில் எண்ணெய் வாங்கினேன். எனக்கு நேர்ந்திருப்பது அந்தச் சிறுமியருக்கு நேர்ந்ததன்று என்பது எனக்குத் தெரியும். அவர்களுடையது உணர்விழப்பைவிடத் தசைச்சோர்வே மேலோங்கிய நோய். ஆயினும் விடை, நோயாளி அற்பமென்று சொல்லாமல் விடும் செய்தியில் ஒளிந்திருக்கக்கூடும் என்பதற்கு அவர்களே சாட்சி.

அவர்கள் தனியருமல்லர். 1930இல் மதுவிலக்கு நிலவிய அமெரிக்காவில், மதுவுக்குப் பதிலாக இஞ்சிச் சாற்றுமருந்தைக் குடித்த பல்லாயிரம் ஏழைகளை முடக்கியது இதே இரசாயனம். 1959இல் மொரொக்கோவின் மெக்னெஸ் நகரில், விமான இயந்திர எண்ணெய் கலந்த சமையல் எண்ணெயால் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர். 1988இல் கல்கத்தாவின் பெஹாலாவில் கலப்படச் சமையல் எண்ணெய். நாடு மாறியது, எண்ணெய் மாறியது. மலிவாக வாங்கியவரின் கால்கள் மட்டும் மாறவில்லை. 2021இல் இறக்குமதித் தேங்காயெண்ணெயில் அஃப்ளாரொக்சின் நஞ்சு கண்டறியப்பட்டபோது, தென்னை முக்கோணத்தின் ஒரு முனையான எங்கள் மாவட்டத்திலேயே எண்ணெயை முகர்ந்து பார்த்து வாங்கினார்கள். முகர்ந்தால் தெரியக்கூடிய நஞ்சல்ல அது. ட்ரைகிரெசில் பொஸ்பேற்றும் அவ்வாறே. எங்கள் கரையில் மண்ணெண்ணெய் வந்த கானைக் கழுவிப் பிற தேவைகளுக்கு எடுப்பதைச் சிறுவயதிலிருந்தே காண்கிறேன். இப்போது அதைக் கண்டால் வாய் சும்மா இருப்பதில்லை.

சேனாநாயக்க அச்சிறுமியரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்து, அதையும் 1981இல் தனிக் கட்டுரையாக வெளியிட்டார். அன்று பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இருந்தவர்கள் இன்று அறுபதைத் தொட்டிருப்பார்கள். மருத்துவக் கட்டுரையில் நோயாளியின் பெயர் வராது, அது முறைதான். ஆனால் கொழுந்துக்கூடையுடன் மலைச்சரிவில் ஏறவேண்டிய கால்கள் அவை. அக்காலத்தில் அத்தோட்டங்களில் வாழ்ந்து, இன்று கொழும்பிலோ தமிழகத்திலோ கனடாவிலோ இருந்து இதை வாசிப்பவர்கள், பெயர் குறிப்பிடாமலேனும் நினைவில் உள்ளதை எழுதியனுப்புங்கள்.