ஒரே பெண், இரண்டு சட்டங்கள்



தேவதாசி ஒழிப்பு என்றதும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியையும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரையும் நன்றியோடு நினைக்கிறோம். அந்தச் சட்ட வரலாற்றில் நம் பெண்கள் எங்கே நின்றார்கள் என்றும் நாம் கேட்டாக வேண்டும்.

முத்துலட்சுமி அம்மையாரின் முயற்சியால் 1929இல் வந்த சட்டத் திருத்தம், கோயில் ஊழியம் செய்யாமலே இனாம் நிலத்தை வைத்துக்கொள்ளும் உரிமையைத் தேவதாசிகளுக்குத் தந்தது. 1947இல் சென்னை மாகாணம் பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கியது. வடமாவட்டங்களில் மாத்தம்மாவுக்கு நேர்ந்துவிடப்பட்ட அருந்ததியர் பெண்களுக்கோ இனாம் நிலம் ஏது? சடங்கைத் தடுத்த சட்டம் அவர்களுடைய பிழைப்புக்கு வழி சொல்லவில்லை.

அடுத்து 1956இல் மத்திய அரசின் விபச்சாரத் தடுப்புச் சட்டம் வந்தது. விடுதி நடத்துபவர், தரகர், ஆள் கடத்துபவர் ஆகியோரைத் தண்டிப்பதே அதன் நோக்கம். ஆனால் அதன் 8ஆம் பிரிவு, பொது இடத்தில் ஆளை அழைத்த பெண்ணுக்கு 6 மாதம் வரை சிறை என்கிறது. 1986 திருத்தத்தின்படி, அதே குற்றத்தை ஆண் செய்தால் 7 நாள் முதல் 3 மாதம் வரைதான். 20ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் அவளை ஊரைவிட்டே வெளியேற்றலாம்.

1989இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வேறு கண்ணால் பார்க்கிறது. ஆதிக்க நிலையில் இருக்கும் பிற சாதியார் பட்டியல் சாதிப் பெண்ணைப் பாலியல் சுரண்டலுக்கு ஆளாக்கினால் அது வன்கொடுமை. 2015 திருத்தம், அவளைத் தேவதாசியாக நேர்ந்துவிடுவதையும் அதில் சேர்த்தது. பாதிக்கப்பட்டவரின் உரிமைகளுக்குத் தனி அத்தியாயமே தந்தது. 1995 விதிகளில் நிவாரணமும் மறுவாழ்வும் உண்டு.

பஞ்சாலை வேலை என்று நம்பவைத்து வேடசந்தூர்ப் பக்கம் கூட்டிவரப்பட்ட ஒரு தலித் பெண், தரகர் கையில் சிக்கி, திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் பிடிபடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் சட்டத்தில் அவள் குற்றவாளி. இரண்டாவதில் அவள் அரசு கைதூக்கிவிட வேண்டியவள். எந்தச் சட்டத்தின் கீழ் முதல் தகவல் அறிக்கை எழுதப்படுகிறது என்பதில் அவள் வாழ்க்கை தொங்குகிறது.

2022 மே 19இல் உச்ச நீதிமன்றம், பாலியல் தொழிலாளர்களைக் காவல்துறை கண்ணியமாக நடத்த வேண்டும் என்றும், விருப்பமில்லாமல் காப்பகங்களில் வைக்கப்பட்டுள்ள வயதுவந்த பெண்களின் நிலையை ஆராய்ந்து விடுவிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

ஆகவே காவல் நிலையம் செல்லும் நம் தோழர்கள் முதலில் கேட்க வேண்டியவை மூன்று: அவளை அழைத்துவந்தவர் யார்? அவர் என்ன சாதி? வன்கொடுமைப் பிரிவு சேர்க்கப்பட்டதா? ஒழுக்கத்தைப் பற்றிய விசாரணை நம் வேலையல்ல.