பீலிக்கரைப் பேச்சும் பின்வந்த தொண்டர்களும்

நம் பள்ளியின் கதையை இம்மலரில் எழுத என்னைவிடத் தகுதியான அக்காமார் இருக்கிறார்கள். வைத்தியராகிய நான் இன்னொரு வரலாற்றை எழுதுகிறேன்: கினிகத்தேனையிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பெண்களின் மனப்பாரத்தை யார் கேட்டார்கள் என்பது.

நெடுங்காலம் அதற்கு இடம் பீலிக்கரைதான். லயத்துக் காம்பராவில் பேசினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். ஆகவே குடம் நிரம்பும் நேரத்திலும் கொழுந்து நிரையிலும் பேசியதுதான் பேச்சு. சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும்போது ஒரு பெண் தன் சொந்தத் துயரத்தையும் சேர்த்து அழுவாள். யாரும் தடுக்கமாட்டார்கள். 1964இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அந்த உறவு வட்டத்தையே குலைத்தது. தாய் இந்தியாவுக்கு, மகள் இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற ரயிலுக்கு நம்மவர் வைத்த பெயர் ‘அழுகைக் கோச்சி’. 1984இல் தோட்டப் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்சம்பளம் கிடைத்தது. ஆனால் மனைவியின் சம்பளத்தைக் கணவனே கையெழுத்திட்டு வாங்கும் வழக்கம் பல தோட்டங்களில் அதன்பிறகும் நீடித்தது.

முன்பின் தெரியாத ஒருவரின் துயரத்தைக் கேட்பதையே தொண்டாகச் செய்யும் முறை இலண்டனில் தொடங்கியது. சாட் வரா என்ற இளம் குருவானவர் 1935இல் நடத்திவைத்த முதல் அடக்கம் ஒரு பதின்ம வயதுச் சிறுமியுடையது. முதல் மாதவிடாயைத் தீராத நோய் என்று எண்ணி அவள் உயிரை விட்டிருந்தாள். சொல்லிக்கொடுக்க ஒருவரும் இருக்கவில்லை. பெண்கள் பள்ளியில் படித்த நமக்கு இந்தச் செய்தி வேறு விதமாகவே உறைக்கும். 1953இல் அவர் சமாரிட்டன்ஸ் அமைப்பைத் தொடங்கினார். அவரைக் காண வந்து காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருந்த சாதாரணத் தொண்டர்களிடமே பலர் மனந்திறந்து பேசிவிட்டு, அவரைப் பார்க்காமலே ஆறுதலோடு திரும்பினார்களாம்.

அதே வழியில் 1974இல் ஜோன் டி மெல் அம்மையார் கொழும்பில் ‘சுமித்ரயோ’வை ஆரம்பித்தார். சிங்களத்தில் நல்ல நண்பர்கள் என்று பொருள். பயிற்சி பெற்ற தொண்டர்கள், கட்டணமில்லை, பெயர் சொல்லத் தேவையில்லை, கேட்டது வெளியே போகாது, மதம் பேசுவதில்லை, புத்திமதியும் இல்லை.

அந்தக் காலத்து இலங்கையில் இது சிறு காரியமல்ல. 1995இல் நம் நாட்டில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. உயிர்தப்பியவருக்கும் நிம்மதியில்லை. 1998 வரை தற்கொலை முயற்சி சட்டப்படி குற்றம். வைத்தியசாலைக் கட்டிலருகே பொலிஸ் வந்து நிற்கும் என்ற பயத்தில் எத்தனையோ பெண்கள் உண்மையை மறைத்தார்கள். பத்தாண்டுகளில் அந்த வீதம் பாதியாகக் குறைந்தது. அதன் பெரும்பங்கு, கொடிய பூச்சிநாசினிகளைத் தடைசெய்ததற்கே உரியது. தொண்டர்களைப் புகழ்வதற்காக இதை மறைக்கக்கூடாது. ஆனால் நஞ்சைத் தடைசெய்யலாம், துயரத்தைத் தடைசெய்ய முடியாதே!

எங்கள் வகுப்பில் சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேறு வந்த கிழமை ஒரு தோழி இறந்தாள். காய்ச்சல் என்றார்கள். நாங்களும் காய்ச்சல் என்றே சொன்னோம். அவளது வெள்ளைச் சீருடையை அம்மா மடித்து வைத்திருந்தது மட்டும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பரீட்சைக்கு முந்திய வாரம் அவள் என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள். எனக்குப் பாடம் இருந்தது.

இன்று கிளினிக்கில் “நெஞ்சு பாரமா இருக்கு டொக்டர்” என்று சொல்லும் அம்மாவின் ஈசிஜியில் ஒன்றும் இருக்காது. “வீட்டில எப்படிம்மா?” என்று கேட்டால் முதல் தடவை “நல்லாத்தான்” என்பார். மூன்றாவது தடவைதான் அழுவார். வெளியே இன்னும் அறுபது பேர் வரிசையில் நிற்கும்போது மூன்றாவது தடவை கேட்க எந்த வைத்தியரால் முடியும்? தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எழுதிக் கொடுக்கிறேன். சிலர் அழைக்கிறார்கள். சிலருக்குக் கைத்தொலைபேசி கணவனின் சட்டைப்பையில்.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். தோட்டத் தமிழ் புரிந்த, ஓய்வுபெற்ற நம் ஆசிரியைகளும் தாதிமாரும் முறையான பயிற்சி பெற்று, கிளினிக் நாட்களில் இருவர் இருவராக வந்து அமரவேண்டும். எட்டுப் பேர் பெயர் தந்திருக்கிறார்கள், என்னையும் சேர்த்து. பயிற்சியில் கடினமான பகுதி, புத்திமதி சொல்லாமல் இருப்பதுதானாம். எனக்குத்தான் அதிக நாள் எடுக்கும் என்று அக்காமார் இப்போதே சிரிக்கிறார்கள்.