மாவுக்கூட்டுக்குள் ஒரு நோன்பின் வரலாறு

ஒரு சமுதாயத்தின் உணவு வரலாற்றில் அதன் நோன்புகளுக்கும் பங்கு உண்டு. உண்ணலாகாது என விலக்கப்பட்ட பொருள், தன் இடத்தில் வேறொரு பொருளைச் சமையலறைக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. அவ்வாறு மேலைநாட்டுக் கிறிஸ்தவ இல்லங்களில் இடம்பெற்ற உணவுகளுள் ஒன்று, மீனை மாவுக்கூட்டுக்குள் வைத்துச் சுட்டெடுக்கும் ‘மீன் பை’. ஆங்கிலத்தின் ‘பை’ என்னும் சொல்லுக்கும் நம் தமிழ்ப் ‘பை’க்கும் உறவில்லை. ஆயினும் மாவினாலான ஒரு பைக்குள் மீனையோ இறைச்சியையோ இட்டு, வாயைக் கட்டிச் சுடுவதே அதன் இயல்பு என்பதால், நம் சொல்லும் அதற்குப் பொருந்தியே நிற்கிறது. இங்கிலாந்து நாட்டில் அந்தப் பண்டம் கடந்து வந்த பாதையைச் சற்றே பின்தொடர்ந்தால், நோன்பைக் குறித்து நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய சில உண்மைகள் புலப்படும்.

சுத்தபோசனமும் மீனும்

நம் பாட்டன்மார் காலத்து ஞானோபதேசத்தில் ‘ஒருசந்தி’, ‘சுத்தபோசனம்’ என்னும் இரு சொற்கள் தவறாமல் இடம்பெற்றன. ஒருசந்தி உணவின் அளவைக் குறைப்பது. சுத்தபோசனம் இறைச்சியை விலக்குவது. இடைக்கால ஐரோப்பாவில் சுத்தபோசன நாள்கள் மிகப் பல. தவக்காலத்தின் நாற்பது நாள்கள், வெள்ளிக்கிழமைகள், பல இடங்களில் சனிக்கிழமைகளும் புதன்கிழமைகளும், பெருவிழாக்களுக்கு முந்திய நாள்கள் என எண்ணிப் பார்த்தால், ஆண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறைச்சியின்றிக் கழிந்தது. தவக்காலத்தில் பால், வெண்ணெய், முட்டை ஆகியனவும் விலக்கப்பட்டிருந்தன.

மீனுக்குத் தடையில்லை. எனவே ஏழைகளின் தவக்காலம் பெரும்பாலும் உப்பிட்ட ஹெர்ரிங் மீனோடும் உலர்ந்த காட் மீனோடும் கழிந்தது. ஹெர்ரிங் என்பது நம் மத்தி மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது. வடகடலில் பெருங்கூட்டமாக வருவது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆக்ஸ்போர்டுப் பள்ளியொன்றில் எழுதப்பட்ட மொழிப்பயிற்சி ஏட்டில், மீன் தின்று தின்று தான் எவ்வளவு சலித்துப்போயிருக்கிறேன் என்று ஒரு சிறுவன் முறையிடுகிறான். ஐந்நூறு ஆண்டுகள் கடந்த பின்னும் அந்தப் பிள்ளையின் குரல் நமக்குப் புன்னகை வரவழைக்கிறது.

செல்வர்களின் தவக்காலமோ வேறு விதமாக இருந்தது. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கான்டர்பரித் துறவு மடத்தில் விருந்துண்ட வேல்ஸ் நாட்டு ஜெரால்ட் என்னும் குரு, அங்கே பதினாறு வகைக்கும் மேற்பட்ட உணவுகள் அடுத்தடுத்துப் பரிமாறப்பட்டதாகக் குறை கூறி எழுதியிருக்கிறார். இறைச்சி விலக்கப்பட்ட அந்தப் பந்தியில், மீனே பல உருக்கொண்டு வந்தது. சட்டம் காக்கப்பட்டது, அதன் உட்கருத்து காக்கப்பட்டதா என்பதே அவருடைய கேள்வி.

கலமாகிய கூடு

இடைக்காலத்து மாவுக்கூடு இன்றைய மெல்லிய மேலோடு போன்றதன்று. மாவைக் கெட்டியாகப் பிசைந்து, சுவர்போல எழுப்பி, அதற்குள் மீனை வைத்து மூடிச் சுட்டார்கள். உலோகப் பாத்திரங்கள் அரிதாயிருந்த காலத்தில் மாவே பாத்திரமாயிற்று. அதனை ‘காஃபின்’ என்றே அழைத்தனர். இன்று சவப்பெட்டியைக் குறிக்கும் அச்சொல்லுக்கு அன்று பெட்டி, கூடை என்பதே பொருள். சுட்ட பின், மூடியில் விட்ட துளை வழியாக உருக்கிய கொழுப்பை ஊற்றிக் காற்றுப் புகாமல் அடைப்பதும் உண்டு. அவ்வாறு அடைத்த பண்டம் பல நாள் கெடாமல் இருந்தது. தொலைவான ஊர்களுக்கும் அதை அனுப்ப முடிந்தது.

இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் சமையற்காரர்கள் 1390ஆம் ஆண்டையொட்டித் தொகுத்த சமையல் ஏட்டில், தவக்காலத்தின் நடுப்பகுதிக்கென்றே ஒரு பண்டம் குறிக்கப்பட்டுள்ளது. அத்திப்பழம், உலர்ந்த திராட்சை, ஆப்பிள், பேரி ஆகியவற்றை அரைத்து, வேகவைத்து மசித்த சால்மன் அல்லது காட் மீனோடு சேர்த்து, நறுமணப் பொருள்கள் இட்டுச் சுடும் பண்டம் அது. பழத்தையும் மீனையும் கலப்பது நமக்கு விந்தையாகத் தோன்றலாம். இனிப்பும் உவர்ப்பும் ஒரே கலத்தில் கூடுவதை அக்கால மக்கள் விரும்பினர்.

விலக்கப்பட்ட பாலுக்கு மாற்றாகப் பாதாம் பருப்பை அரைத்துப் பிழிந்த பால் பயன்பட்டது. ஆனால் பாதாமும் எண்ணெயும் தெற்கு நாடுகளிலிருந்து விலைகொடுத்து வாங்க வேண்டியவை. வடநாட்டாருக்கு வெண்ணெயே எளிதாகக் கிடைத்தது. எனவே காணிக்கை செலுத்தித் தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண அனுமதி பெறும் வழக்கம் தோன்றியது. பிரான்சில் ரூவான் நகரப் பேராலயத்தின் கோபுரங்களுள் ஒன்று இன்றும் ‘வெண்ணெய்க் கோபுரம்’ எனப்படுகிறது. 1485இல் தொடங்கிய அதன் கட்டுமானத்திற்கு அத்தகைய காணிக்கைகள் உதவின.

அரசரின் பந்தியில்

நாரிச் நகரம் ஆண்டுதோறும் அரசருக்கு 24 ஹெர்ரிங் பைகளைச் செலுத்தக் கடமைப்பட்டிருந்தது. பருவத்தின் முதல் மீன்களைக் கொண்டே அவற்றைச் செய்ய வேண்டும். கணக்கு நூறு மீன்கள். ஆனால் மீன் வணிகத்தில் அன்று ‘நூறு’ என்றால் 120. பை ஒன்றுக்கு ஐந்து மீன்கள். அவற்றிற்குச் சுக்கு, மிளகு, இலவங்கப்பட்டை, கிராம்பு, திப்பிலி முதலியன சேர்க்கப்பட்டன. மலபார்க் கரையின் மிளகு, அரபுக் கடலையும் பாலைவனங்களையும் கடந்து, வடகடலின் மீனோடு ஒரே மாவுக்கூட்டுக்குள் சந்தித்தது. 1629இல் அரண்மனை அதிகாரிகள் நாரிச் நகரத்தாருக்கு ஒரு கண்டனம் அனுப்பினர். சில பைகள் உடைந்திருந்தன; சிலவற்றில் ஐந்துக்குப் பதில் நான்கு மீன்களே இருந்தன என்பது குற்றச்சாட்டு. கடலோர மக்களின் உழைப்பு அரண்மனையில் எவ்வாறு எண்ணிப் பார்க்கப்பட்டது என்பதற்கு இது ஒரு சான்று.

குளோஸ்டர் நகரம் அனுப்பியது, விலாங்கைப் போன்ற உருவமுடைய லாம்ப்ரே மீனால் செய்த பை. அம்மீனின் மீது ஆசை மிகுந்திருந்த முதலாம் ஹென்றி மன்னர், மருத்துவர் தடுத்தும் கேளாமல் அதனை உண்டு 1135இல் இறந்தார் என்று அக்கால வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதிவைத்தார். நோன்பின் உணவாகக் கருதப்பட்ட மீன், பெருந்தீனிக்கும் வழியாகலாம் என்பதற்கு அம்மன்னரின் கதையைப் பின்வந்தோர் எடுத்துக்காட்டினர்.

சட்டமான நோன்பு

16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து உரோமைத் திருச்சபையிலிருந்து பிரிந்தது. ஆனால் மீனுண்ணும் நாள்கள் ஒழியவில்லை. 1540களின் இறுதியில் ஆறாம் எட்வர்டின் ஆட்சியே அவற்றைச் சட்டத்தால் காத்தது. மீனவரின் பிழைப்பு அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. 1563இல் முதலாம் எலிசபெத்தின் அமைச்சர் வில்லியம் சிசில், புதன்கிழமையையும் மீன் நாளாக்கினார். மீன்பிடி படகுகள் பெருகினால் கடலறிந்த ஆட்கள் பெருகுவர். கடற்படைக்கு அவர்கள் தேவை என்பது அவருடைய கணக்கு. அந்நாள்களில் இறைச்சி உண்பவருக்குத் தண்டனை உண்டு. அதே வேளையில், மீனுண்பது ஆன்ம மீட்புக்குத் தேவையானது என்று போதிப்பவருக்கும் தண்டனை உண்டு! உணவு அதே உணவு. நாளும் ஏறக்குறைய அதே நாள். ஆனால் செபத்தோடு பிணைந்திருந்த ஒரு பழக்கம், போர்க் கப்பல்களுக்கு ஆள்சேர்க்கும் ஏற்பாடாக மாறிவிட்டது.

அக்காலத்திலும் பழைய நம்பிக்கையைக் கைவிடாத கத்தோலிக்கக் குடும்பங்கள் மறைவாகத் தங்கள் நோன்புகளைக் காத்துவந்தன. 1588இல் பிறந்த இராபர்ட் மே என்னும் கத்தோலிக்கச் சமையற்காரர் அத்தகைய இல்லங்களில் நெடுங்காலம் பணியாற்றினார். இளமையில் பாரிசில் தொழில் கற்ற அவர், 1660இல் வெளியிட்ட பெரிய சமையல் நூலில் மீனுக்கு நிறைய இடம் அளித்தார். மாவுக்கூட்டையே மீனின் வடிவில் அமைப்பதற்கான படங்களும் அந்நூலில் உள்ளன. திருப்பலி தடைசெய்யப்பட்ட நாட்டில், வெள்ளிக்கிழமை மேசையும் விசுவாசத்தைக் காக்கும் ஓர் இடமாயிற்று என்று சொல்லலாம்.

இல்லத்து அடுப்பில்

உலோகத்தாலும் மண்ணாலுமான தட்டுகள் வீடுகளில் பெருகியபோது, மாவு பாத்திரமாக இருக்க வேண்டிய தேவை நீங்கியது. ஆழமான பாத்திரத்தில் மீனை வைத்து, மேலே மட்டும் மாவை மூடியாக இடும் முறை பரவியது. ஓவன் இல்லாத வீட்டார், அண்டையிலிருந்த ரொட்டிக் கடைக்காரரின் அடுப்பில் தங்கள் பாத்திரத்தைக் கொடுத்துச் சுட்டு வாங்கினர். பிற்காலத்தில் மாவுக்கு மாற்றாக மசித்த உருளைக்கிழங்கும் மூடியாயிற்று. இன்றும் ஆங்கிலேயர் பலர் பெரிய வெள்ளியன்று விரும்பிச் செய்வது அவ்வகைதான்.

நம் இல்லங்களிலும் இதனைச் செய்யலாம். கால் கிலோ மைதா மாவுக்கு 125 கிராம் குளிர்ந்த வெண்ணெயும் சிறிது உப்பும் சேர்த்து, விரல் நுனிகளால் உதிரியாகப் பிசிறி, சில கரண்டி குளிர்ந்த நீர் தெளித்துத் திரட்டி அரைமணி நேரம் மூடிவைக்க வேண்டும். மாவைச் சப்பாத்திக்குப் போல அழுத்திப் பிசைந்தால் ஓடு இறுகிவிடும். முள் குறைந்த வெண்தசை மீன் அரைக்கிலோ, தோலுரித்த இறால் கால்கிலோ எடுத்து, அரை லிட்டர் பாலில் மீனை மட்டும் சில நிமிடம் வேகவைத்துப் பாலை வடித்துக்கொள்க. இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயில் மூன்று மேசைக்கரண்டி மைதாவை நிறம் மாறாமல் வறுத்து, வடித்த பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறினால் கெட்டியான குழம்பு கிடைக்கும். அதில் உப்பு, மிளகுத்தூள், வேகவைத்த பட்டாணி, காரட் ஆகியவற்றோடு மீனையும் இறாலையும் சேர்த்து ஆறவிட வேண்டும். சூட்டோடு மாவை மூடினால் வெண்ணெய் உருகி ஓடு நமுத்துவிடும் என்பதால் ஆறவிடுவது இன்றியமையாதது. பிறகு மாவை விரித்துப் பாத்திரத்தின் மேல் மூடி, ஓரங்களை அழுத்தி, ஆவி வெளியேற நடுவில் கீறல் இட்டு, அடித்த முட்டையைப் பூசி, 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஏறக்குறைய அரைமணி நேரம் பொன்னிறமாகச் சுட வேண்டும். சிறிதளவு மீன் பலருக்கு நிறைவாகும் என்பதே இவ்வுணவின் சிறப்பு. ஏழைத் தாய்மார்கள் இதனை விரும்பியதற்கும் அதுவே காரணம்.

மேல்நோக்கும் மீன்கள்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வால் கரையில் மௌசல் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே செய்யப்படும் மீன் பைக்கு ‘விண்மீன் நோக்கும் பை’ எனப் பொருள்படும் பெயர். மத்தி வகை மீன்களின் தலைகள் மாவு மூடியைத் துளைத்துக்கொண்டு வானத்தை நோக்கி நிற்கும். ஒரு குளிர்காலத்தில் புயலால் படகுகள் கடலுக்குச் செல்ல இயலாமல் ஊர் பட்டினி கிடந்தபோது, டாம் பாகாக் என்னும் மீனவர் துணிந்து சென்று மீனோடு திரும்பி ஊரைக் காப்பாற்றினார் என்பது அவ்வூர் மரபுக்கதை. டிசம்பர் 23ஆம் நாள் மாலை அதன் நினைவாக அப்பண்டத்தைச் செய்து பகிர்ந்து உண்கின்றனர்.

கதைக்கு அப்பால் மெய்ந்நிகழ்ச்சி ஒன்றும் அவ்வூருக்கு உண்டு. 1981 டிசம்பர் 19 இரவு, கடும்புயலில் ‘யூனியன் ஸ்டார்’ என்னும் சரக்குக் கப்பல் இயந்திரம் பழுதாகி அக்கரையோரம் தத்தளித்தது. அதிலிருந்தோரை மீட்க ‘சாலமன் பிரவுன்’ என்னும் உயிர்காப்புப் படகில் மௌசல் ஊரார் எட்டுப் பேர் சென்றனர். எட்டுப் பேரும் ஊதியம் பெறாத தொண்டர்கள். அவர்களும் திரும்பவில்லை, கப்பலில் இருந்த எட்டுப் பேரும் பிழைக்கவில்லை. ஊர் தன் விருந்து நாளை எதிர்நோக்கியிருந்த வாரம் அது. இன்றளவும் டிசம்பர் 19 மாலை அவ்வூரின் கிறிஸ்து பிறப்பு விழா விளக்குகள் நினைவுக்காகச் சற்று நேரம் அணைக்கப்படுகின்றன. கடலோரப் பங்குகளில் வாழும் நம் வாசகர்களுக்கு அந்த இருளை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நம் சிந்தனைக்கு

1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தவ முயற்சிகளைக் குறித்து வெளியிட்ட ஆவணம், வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்திற்கு மாற்றாகப் பிறரன்புப் பணிகளையோ செபத்தையோ வகுக்க ஆயர் பேரவைகளுக்கு இடமளித்தது. இங்கிலாந்து, வேல்ஸ் ஆயர்களோ 2011 செப்டம்பர் 16 முதல் வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்கும் பழைய வழக்கத்தை மீண்டும் ஏற்படுத்தினர்.

விலக்கும் மாற்றும் எதுவாயினும், மீன் பையின் வரலாறு நமக்குக் கற்பிப்பது ஒன்றே. ஒரே மாவுக்கூடு அரண்மனையில் ஆடம்பரமாயிற்று. அமைச்சரின் கையில் அரசியலாயிற்று. ஏழை வீட்டில் பகிர்வாயிற்று. இறைச்சியை விலக்கி, அதைவிட விலையுயர்ந்த இறாலைத் தட்டில் நிரப்பிக்கொள்பவர் சட்டத்தை மீறவில்லை. ஆனால் எதையும் இழக்கவுமில்லை. நாம் நமக்கு மறுத்துக்கொண்டது ஏழையின் கைக்குச் சேரட்டும் என்று 5ஆம் நூற்றாண்டிலேயே திருத்தந்தை புனித பெரிய லியோ தம் தவக்கால மறையுரைகளில் வலியுறுத்தினார். அப்படிச் சேர்ந்தால்தான் நோன்பு முழுமை பெறும்.

மீனை உண்பவர் அதைப் பிடித்துவந்தவரையும் நினைக்கக் கடமைப்பட்டவர். மற்ற பைகளில் மாவு மூடி மீனை நம் கண்ணுக்கு மறைத்துவிடுகிறது. அதைக் கொண்டுவந்த கையும் அதோடு மறைந்துவிடுகிறது. மௌசல் ஊரார் அதை மூடிவைக்கவில்லை. இந்தத் தவக்காலத்தில் நம் வீட்டு மேசைக்கு மீன் வரும்போது, அது எந்த வலையிலிருந்து, எந்த இரவின் உழைப்பிலிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி, கடலில் இருப்போருக்காக ஒரு செபம் சொல்லிவிட்டு உண்போம்.