கொழும்பின் பாரிசவாதக் கணக்கு: 2015ஆம் ஆண்டு கள ஆய்வின் ஆண்–பெண் விகிதத்தை மீள வாசித்தல்

கொழும்பில் பாரிசவாதம் முதன்மையாக ஆண்களின் நோய். புகையும் மதுவும் அதன் தலையாய காரணங்கள். நகர்ப்புறச் சுகாதாரம் பற்றிய எழுத்துகளில் இந்த வாசிப்பு கேள்வியின்றி நிலைத்து வருகிறது. பெரிதும் ஒரு கள ஆய்வே அதற்கு ஆதாரம்: சாங், கஜசிங்க, அரம்பேபொல ஆகியோர் கொழும்பு மாவட்டத்தில் நடத்தி 2015இல் ‘ஸ்ட்ரோக்’ ஆய்விதழில் வெளியிட்டது. 18 வயதும் அதற்கு மேலுமான 2313 பேரை உள்ளடக்கிய அவ்வாய்வு, ஆயிரம் பேருக்கு 10.4 என்ற நோயிருப்பு வீதத்தைத் தந்தது (95 சதவீத நம்பிக்கை ஆயிடை 6.3–14.5). ஆண்–பெண் விகிதம் 2:1. 65 வயதுக்கு மேல் ஆண்களின் பங்கு ஆறு மடங்கு. ஆய்வு செம்மையாகத் திட்டமிடப்பட்டது. அதன் மதிப்பை இக்கட்டுரை மறுக்கவில்லை. நான் மறுப்பது, அதன்மேல் ஏற்றப்பட்ட வாசிப்பை. இத்தரவில் மிகவும் வலுக்குறைந்த எண் ஆண்–பெண் விகிதமே என்பதும், தடுப்புக்கு மிகவும் பயன்படக்கூடிய எண்கள் அதன் நிழலில் மறைந்துபோயின என்பதும் என் வாதம்.

முதலில் எண்களின் அளவு. 2313 பேரில் ஆயிரத்துக்கு 10.4 என்றால் 24 பேர். 2:1 என்றால் ஏறத்தாழ 16 ஆண்கள், 8 பெண்கள். 24இல் 16 என்ற பங்குக்கு 95 சதவீத நம்பிக்கை ஆயிடையைக் கணித்தால் அது 45இலிருந்து 84 சதவீதம் வரை விரிகிறது. ஆணும் பெண்ணும் சரிபாதி என்ற நிலையைக்கூட இத்தரவு விலக்கவில்லை. கொத்து மாதிரியெடுப்பின் விளைவையும் சேர்த்தால் ஆயிடை இன்னும் அகலவே வாய்ப்பு அதிகம். 65 வயதுக்கு மேற்பட்டோரின் ஆறு மடங்கோ இந்த 24 பேரில் ஒரு பகுதியினரை மட்டுமே நம்பி நிற்கிறது. அந்த வயதில் ஒரேயொரு பெண் கூடுதலாகக் கணக்கில் வந்திருந்தாலும் அவ்விகிதம் கணிசமாகச் சரிந்திருக்கும். ஆய்வாளர்கள் விகிதத்தை அறிவித்ததில் பிழையில்லை. அதைக் கொள்கையின் அடித்தளமாக்கியவர்களே அளவுக்கு மீறிச் சென்றனர்.

அடுத்தது, எண்ணப்பட்டவர்கள் யார் என்ற கேள்வி. நோயிருப்புக் கணக்கெடுப்பு உயிரோடிருப்பவர்களையே எண்ணும். தாக்கிய முதல் மாதத்தில் இறந்தவர் அதில் இல்லை. பெண்களுக்குப் பாரிசவாதம் பொதுவாக ஆண்களைவிடப் பிந்திய வயதில் வருகிறது. வயது கூடக்கூட முதல் மாதத்தில் இறக்கும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே ஒரே அளவான புதுநிகழ்வு இரு பாலாரிடமும் இருந்தாலும், ஒரு குறிப்பிட்ட நாளில் வீடுவீடாகச் சென்று எண்ணுபவருக்கு ஆண்களே கூடுதலாகக் கிடைப்பர். முதிய பெண்களிடையே காணப்படும் குறைவு பாதுகாப்பின் அடையாளமாக இருக்கலாம். மரணத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று இந்த ஆய்வு வடிவத்தால் சொல்ல இயலாது. ஆனால் மேற்கூறிய வாசிப்பு முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டது.

இதே ஆய்வில், நோய் இருந்ததென்பது ஆவணங்களால் உறுதிசெய்யப்பட்டது. நம் ஊரில் ஆவணம் என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறும்போது தரப்படும் டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, சனல் பண்ணிய வைத்தியரின் துண்டு. விடுதியில் அனுமதிக்கப்படாமல், எண்ணெயும் ஒற்றடமுமாக வீட்டிலேயே பரிகாரம் செய்யப்பட்டவரிடம் இவற்றில் எதுவும் இராது. எழுபத்தைந்து வயதுத் தாய்க்கு வாய் கோணி, பேச்சுக் குழறி, இரு நாளில் ஓரளவு தேறினால், அது முதுமைக்குரிய தளர்ச்சியாகவே பல வீடுகளில் கொள்ளப்படும். உழைக்கும் ஆணின் கை விழுந்தால் அன்றே வாகனம் பிடிக்கப்படும். இந்த வேறுபாட்டை அளந்து காட்டும் தரவை நான் முன்வைக்கவில்லை. ஆவணத்தை நிபந்தனையாக்கும் எந்தக் கணக்கெடுப்பிலும் இத்தகைய சாய்வை எதிர்பார்க்கவேண்டும் என்பதே என் கூற்று.

கொழும்பில் தமிழர் செறிந்து வாழும் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் இங்கு முக்கியமாகின்றன. 2012 குடிசனமதிப்பீட்டின்படி மாவட்டத்தில் தமிழர் ஏறத்தாழ 11 சதவீதம். மாதிரி அதே அளவைப் பின்பற்றியிருந்தால் 24 பேரில் தமிழர் இருவரோ மூவரோதான். ஆகவே இவ்விரு பகுதிகளின் தமிழரைப் பற்றி அந்த ஆய்விலிருந்து நேரடியாக எதையும் சொல்ல முடியாது. மாவட்டச் சராசரியை அவர்கள்மேல் பொருத்தவும் கூடாது. வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளில் பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்கத் தனித்து வாழும் முதிய பெண்கள் பலர். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் பிள்ளைகளின் நாட்டுக்கும் இடையில் மாறிமாறி இருப்பவர்களும் உண்டு. நோய்ப்பட்டபின் இடம் மாறுபவர் எந்த முகவரியிலும் எண்ணப்படாமல் போகலாம். கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தையும் கடைகளையும் நம்பிய நாட்கூலிக் குடும்பங்களில், நெருக்கமான வீடுகளில், படுக்கையில் விழுந்தவரை ஊருக்கு அனுப்பிவிடுவதும் நடக்கிறது. இரு பகுதிகளும் வருமானத்தில் வேறுபட்டவை. கணக்கிலிருந்து நழுவும் வாய்ப்பில் ஒத்தவை.

புகை, மது பற்றிய முடிவில் சிக்கல் இன்னும் ஆழமானது. 24 பேரில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் புகைத்தலும் மிகை மதுவும் பதிவாயின. இலங்கையில் புகைக்கும் பெண்கள் மிக அரிது. எனவே பதிவான புகைப்போர் அனைவரும் அல்லது அநேகமாக அனைவரும் அந்த 16 ஆண்களுள் அடங்குவர். ஆண்கள் கூடுதலாக எண்ணப்பட்ட ஒரு தொகுதியில் ஆண்களுக்கே உரிய பழக்கம் மேலெழுவது இயல்பு. முதலாவது முடிவையே வேறு பெயரில் இரண்டாவதாக எழுதிவிட்டு, ஒன்று மற்றதை உறுதிப்படுத்துவதாகச் சொல்வது சுழல் வாதம். புகை பாரிசவாதத்துக்குக் காரணமன்று என்று யாரும் சொல்லவில்லை. அது நிறுவப்பட்ட உண்மை. கேள்வி பங்கின் அளவைப் பற்றியது. 32 நாடுகளில் நடந்து 2016இல் வெளியான இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வில், மக்கள்தொகை அளவிலான பங்கு உயர் குருதியமுக்கத்துக்கு 47.9 சதவீதம், புகைத்தலுக்கு 12.4 சதவீதம். 25 வயதுக்குப் பின் வாழ்நாளில் பாரிசவாதம் வரும் வாய்ப்பு உலக அளவில் ஆண்களுக்கு 24.7, பெண்களுக்கு 25.1 சதவீதம் என 2018இல் வெளியான உலக நோய்ச்சுமை மதிப்பீடு கூறுகிறது. கொழும்பு இப்பொதுவிதிக்கு விலக்காக இருக்கலாம். ஆனால் விலக்கு என்று கூறுபவர் 24 பேரைவிடப் பெரிய சான்றைக் காட்டவேண்டும்.

கொழும்பு ஆய்வின் மிகப் பெரிய எண் வேறொன்று: 24 பேரில் 15 பேருக்கு, அதாவது 62.5 சதவீதத்தினருக்கு, உயர் குருதியமுக்கம் இருந்தது. 8 பேருக்கு நீரிழிவு. சிறுதொகை என்ற அதே குறையை இவற்றுக்கும் சொல்லலாமே என்று கேட்கப்படும். நியாயமான கேள்வி, 15 என்ற எண்ணின் ஆயிடையும் அகலமானதே. வேறுபாடு, வெளிச்சான்று எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் உள்ளது. இன்டர்ஸ்ட்ரோக் ஒரு சான்று. இலங்கையின் நகர்ப்புற மருத்துவமனைக் கிளினிக்குகளில் நடந்து 2018இல் வெளியான ட்ரையம்ப் சோதனை இன்னொன்று. அதில் சேர்க்கப்பட்ட 700 உயர் குருதியமுக்க நோயாளரில் 58 சதவீதத்தினர் பெண்கள். கிளினிக்குக்குப் பகலில் வர இயல்பவர் பெண்களே என்று இதைத் தள்ளிவிடலாம். வேலை நாளில் வரிசையில் நிற்க முடியாத ஆண்கள் பலர் என்பது உண்மையே. ஆயினும் பாரிசவாதத்தின் தலையாய காரணி பெண்களிடம் இவ்வளவு நிறைந்திருக்கும் நாட்டில், நோய் மட்டும் அவர்களை விட்டு விலகி நிற்கும் என்று நம்புவது கடினம்.

ட்ரையம்ப் இன்னொன்றையும் காட்டியது. மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகச் சேர்த்துக் கொடுத்தபோது ஆறு மாதத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் இலக்கை எட்டினர். வழமைச் சிகிச்சையில் 55 சதவீதம். பிரஷர் கூடியிருப்பதை அறிந்தும் குளிசையை விட்டுவிட்டு எடுக்கும் வீடுகள் வெள்ளவத்தையிலும் உண்டு, கொட்டாஞ்சேனையிலும் உண்டு. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் என்று உப்பு பல வழிகளில் தட்டுக்கு வரும் சமையலறையில், ஒரு குளிசையை நாள் தவறாமல் எடுப்பது உயிர்காக்கும் ஒழுங்கு. இதைச் சொல்லும் சுவரொட்டி பெண்களையும் பெயர்சொல்லி அழைக்கவேண்டும்.

கொழும்பு ஆய்வின் இன்னொரு எண் ஏறத்தாழ யாராலும் பேசப்படவில்லை. 24 பேரில் 7 பேருக்குத் தற்காலிகத் தாக்கு பதிவாகியிருந்தது: சிறிது நேரம் கை மரத்து, பேச்சு நின்று, பின் தானாகவே மீண்ட நிலை. இத்தகைய தாக்குக்குப் பின் வரும் முதல் சில நாட்களே மிகுந்த ஆபத்துடையவை. ஒக்ஸ்போர்டில் நடந்து 2007இல் வெளியான எக்ஸ்பிரஸ் ஆய்வில், தற்காலிகத் தாக்குக்கும் சிறிய பாரிசவாதத்துக்கும் உடனடிச் சிகிச்சை தொடங்கியபோது, 90 நாட்களுக்குள் மீண்டும் பாரிசவாதம் வரும் அளவு 10.3 சதவீதத்திலிருந்து 2.1 சதவீதமாகக் குறைந்தது. தடுப்பு மருத்துவத்தில் இத்தகைய பலன் அபூர்வம். “இப்ப சரியாயிட்டுது” என்று வீட்டில் இருந்துவிடுவதே இங்கு பெருந்தவறு. தாக்கு மீளாமல் தொடர்ந்தால் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நான்கரை மணி நேரமே உண்டு. 1990 என்ற தொலைபேசி எண்ணில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் 2016இலிருந்து மேல் மாகாணத்தில் இயங்குகிறது. வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் அழைக்கவேண்டியது அந்த எண்ணையே.

ஆண்களிடம் புகையையும் மதுவையும் குறைக்கும் முயற்சி இதனால் பலவீனப்படும் என்ற அச்சத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. அம்முயற்சி புற்றுநோய்க்கும் மாரடைப்புக்கும் எதிராகத் தானே நிற்கும் வலிமை உடையது. பாரிசவாதத்தின் வலுவற்ற விகிதம் ஒன்றை அது நம்பியிருக்கத் தேவையில்லை.

செய்யவேண்டியவை மூன்று. முதலாவது, முதல்முறைத் தாக்குகளையும் அதனாலான மரணங்களையும் சேர்த்துப் பதியும் புதுநிகழ்வுப் பதிவேடு. அதில் பிரதேச செயலகப் பிரிவும் பாலும் பேச்சுமொழியும் இடம்பெறவேண்டும். இரண்டாவது, அப்பதிவேடு வரும்வரை காத்திராமல், 35 வயதைக் கடந்த ஒவ்வொருவரின் குருதியமுக்கத்தையும் வீட்டளவில் அளப்பது. தெற்காசியாவின் கிராமப்புறங்களில் நடந்து 2020இல் வெளியான கோப்ரா–பீபீஎஸ் சோதனையில் சமூகச் சுகாதாரப் பணியாளர்களின் வீட்டு வருகையால் மேல் அமுக்கம் கூடுதலாக 5.2 அலகு குறைந்தது. இலங்கையும் அதில் பங்கேற்றது. கிராமத்தில் இயன்றது மாடிவீட்டில் இயலாது என்பதற்குக் காரணமில்லை. மூன்றாவது, தற்காலிகத் தாக்கு வந்தவர் அன்றே பார்க்கப்படும் ஏற்பாடு. இம்மூன்றும் நடந்தபின் ஆண்களே கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றனர் என்று தெரியவந்தால் அதை ஏற்பதில் எனக்குத் தயக்கமில்லை. அதுவரை, 24 பேரின் விகிதத்தை நம்பி எந்த முதிய பெண்ணின் கையிலும் அமுக்கமானிப் பட்டியைக் கட்டாமல் விடுவதை நியாயப்படுத்த முடியாது.